கூரத்துச் செப்பேடும் முதலாம் பரமேசுவரவர்மனும்

அரசர்களின் வரலாற்றைப் படிப்பதால் நமக்கு என்ன பயன் என்று நம் சமுதாய இளைஞர் சிலர் கேட்பதுண்டு. அரண்மனையும் போரும் பட்டப் பெயர்களும் நிறைந்த அந்த வரலாற்றில் ஏர் பிடித்தவனுக்கும் மண் சுமந்தவளுக்கும் இடமில்லை என்பது அவர்களது மனக்குறை. அக்குறை நியாயமானதே. ஆயினும் கூரத்தில் பிறந்து வளர்ந்த நாம் ஓர் அரசனை மட்டும் அறியாமல் இருத்தல் ஆகாது. ஏனெனில், நம் ஊரின் நிலம் யாருக்கு, எதற்காக, எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்பே செம்பில் எழுதி வைத்துச் சென்றவன் அவன். அவனே பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன்.

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், அம்மன்னனின் வாழ்க்கையையும், அவன் நம் ஊருக்குச் செய்ததையும், அச்செயலிலிருந்து நாம் கற்க வேண்டியதையும் சுருங்கக் காண்போம்.

பிறந்த குடியும் வாழ்ந்த காலமும்

பரமேசுவரவர்மன் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவர் மரபில் தோன்றியவன். குகைக் கோயில்களைக் குடைவித்த முதலாம் மகேந்திரவர்மன் அவனுடைய கொள்ளுப் பாட்டன். மாமல்லன் எனப் புகழ் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் அவனுடைய பாட்டன். மிகக் குறுகிய காலமே அரசாண்ட இரண்டாம் மகேந்திரவர்மன் அவனுடைய தந்தை. கி.பி. 670ஆம் ஆண்டளவில் பரமேசுவரவர்மன் அரியணை ஏறினான் என்றும், ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் ஆட்சி செய்தான் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கணித்துள்ளனர்.

அவன் பெற்ற செல்வம் பெரிது. அதனினும் பெரிது அவன் பெற்ற பகை. இன்றைய கருநாடக மாநிலத்தில் பாதாமி என வழங்கும் வாதாபி நகரம் அன்று சாளுக்கியர்களின் தலைநகரம். 642ஆம் ஆண்டில் நரசிம்மவர்மன் அந்நகரைக் கைப்பற்றினான். சாளுக்கியப் பேரரசன் இரண்டாம் புலிகேசி அப்போரில் மாண்டான். பல்லவனின் வெற்றியைக் கூறும் கல்வெட்டு இன்றும் பாதாமியில் உள்ளது. பாட்டன் வென்ற அவ்வெற்றிக்கு விலை கொடுக்க வேண்டியவனானான் பேரன். புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன், தன் தந்தை இழந்ததை மீட்பதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்டு பெரும்படை திரட்டி வந்தான்.

அன்றைய காஞ்சி எத்தகைய நகரம் என்பதையும் நாம் அறிதல் வேண்டும். 640ஆம் ஆண்டளவில் இங்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த விகாரங்களும் பதினாயிரம் துறவியரும் இந்நாட்டில் இருந்ததாகக் குறித்துள்ளார். மக்கள் கல்வியை மதித்தனர் என்றும் அவர் எழுதுகிறார். நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர். வேதக் கல்விக்குரிய கடிகை என்னும் கல்வி நிலையமும் காஞ்சியில் நெடுங்காலமாக இயங்கி வந்தது. புத்தரின் அறமும் வேத நெறியும் சமணமும் சைவமும் ஒரே நகரில் வாதிட்டு வாழ்ந்த காலம் அது. அண்ணல் அம்பேத்கர் 1956ஆம் ஆண்டில் நாகபுரியில் தழுவிய அறம் நம் மண்ணுக்குப் புதியதன்று என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.

தோல்வியும் மீட்சியும்

விக்கிரமாதித்தனின் படையெடுப்பு பல்லவ நாட்டை உலுக்கிவிட்டது. உயர்ந்த மதிலும் ஆழ்ந்த அகழியும் சூழ்ந்த காஞ்சிக் கோட்டை பகைவன் கைப்பட்டது. பரமேசுவரவர்மன் தலைநகரை விட்டு வெளியேற நேர்ந்தது. சாளுக்கியனுக்குத் துணை நின்ற கங்க மன்னன் பூவிக்கிரமன், விளந்தை என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் பல்லவனை வென்றான். உக்கிரோதயம் என்னும் மணி பதித்த பல்லவர் குலத்துக் கழுத்தணியையும் கவர்ந்து சென்றான். சாளுக்கியன் அத்துடன் நிற்கவில்லை. தெற்கே காவிரி வரை சென்று உறையூரில் தண்டு இறங்கினான். 674ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவன் அங்கிருந்து அளித்த கொடையைக் கத்வால் செப்பேடு கூறுகிறது.

நாடிழந்து, நகரிழந்து, குலத்தின் அணியையும் இழந்த நிலையில் வேறொருவன் சோர்ந்து போயிருப்பான். பரமேசுவரவர்மன் சோர்ந்தானில்லை. சிதறிய படையை மீண்டும் சேர்த்தான். பகைவனின் நாட்டுக்குள்ளேயே ஒரு படையை அனுப்பி அவன் கவனத்தைச் சிதறச் செய்தான் என்பது வரலாற்றறிஞர் சிலர் கருத்து. பிறகு, இன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இலால்குடிக்கு அண்மையில் உள்ள பெருவளநல்லூரில் சாளுக்கியப் படையை எதிர்கொண்டு முறியடித்தான். பிற்காலத்துப் பல்லவர் செப்பேடாகிய உதயேந்திரம் செப்பேடு இப்போரை ஊர்ப் பெயருடன் குறிப்பிடுகிறது. கூரத்துச் செப்பேடோ போர்க்களத்தின் காட்சியையே விரித்துரைக்கிறது. எழுந்த புழுதியால் கதிரவன் மறைந்ததையும், யானைகளும் குதிரைகளும் மோதியதையும், பல இலட்சம் வீரரைக் கொண்டு வந்த விக்கிரமாதித்தன் கந்தல் ஆடையொன்றைச் சுற்றிக்கொண்டு தனியே ஓடியதையும் அது பேசுகிறது. மன்னன் ஏறிய யானைக்கு அரிவாரணம் என்றும், குதிரைக்கு அதிசயம் என்றும் பெயர் கூறுகிறது.

இங்கே சற்று நிற்போம். மன்னன் ஏறிய யானையின் பெயர் நமக்குத் தெரிகிறது. குதிரையின் பெயரும் தெரிகிறது. பெருவளநல்லூர்க் களத்தில் மாண்ட காலாட்களுள் ஒருவனது பெயரும் நமக்குத் தெரியாது. எழுதியவன் எதை எழுதத்தக்கது என்று எண்ணினானோ அதுவே வரலாறாக நின்றது. எழுதாது விட்டது மண்ணோடு மண்ணாயிற்று. இச்செய்தியை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கூரத்தில் மன்னன் செய்தவை

போர் ஓய்ந்தபின் பரமேசுவரவர்மன் நாட்டைச் சீர்செய்வதில் கருத்தைச் செலுத்தினான். காஞ்சிக்கு வடமேற்கே சில கல் தொலைவிலுள்ள கூரம், அக்காலத்தில் ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. இங்கே சிவபெருமானுக்கு ஒரு கோயில் எழுப்பப்பட்டது. அதன் பெயர் வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம். வித்யாவிநீதன் என்பது கல்வியால் பணிவு பெற்றவன் எனப் பொருள்படும் பட்டப் பெயர். வாளால் வென்ற மன்னன், கல்வியால் பணிந்தவன் என்று அழைக்கப்படுவதை விரும்பினான் என்பது எண்ணத்தக்கது.

பாறையைக் குடைந்து கோயில் அமைக்கும் வழக்கம் ஓங்கியிருந்த காலத்தில், கற்பலகைகளை அடுக்கி எழுப்பப்பட்ட கோயில் இது. தமிழகத்தில் கல்லால் கட்டப்பட்ட மிகப் பழைய கோயில்களுள் ஒன்றாக இதனை அறிஞர் கருதுகின்றனர். பின்புறம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகைப் போன்ற தோற்றமுடையது. இவ்வமைப்பைத் தூங்கானை மாடம் என்பர்.

கோயிலுக்கு அடுத்தது ஏரி. பரமேசுவர தடாகம் எனத் தன் பெயராலேயே மன்னன் அதனை வழங்கச் செய்தான். பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொண்டுவரப் பெரும்பிடுகு என்னும் கால்வாய் தோண்டப்பட்டது. பாலாறு மழைக்காலத்தில் பெருகி மற்றைக் காலத்தில் மணலாய்க் கிடக்கும் ஆறு. வெள்ளம் வரும் சில நாட்களில் நீரைத் திருப்பி ஏரியில் தேக்கி, மதகு வழியே சிறிது சிறிதாக வயலுக்கு விட்டால்தான் இப்பக்கத்தில் நெல் விளையும். ஆகவே ஏரியும் காலும் அமைத்தவனே இந்நாட்டில் ஊரை அமைத்தவனாவான். போரினும் பெரிய பணி இது என்றே நாம் கருதுகிறோம்.

மூன்றாவது, குடியேற்றம். பரமேசுவர மங்கலம் என்னும் ஊரை மன்னன் கொடையாக வழங்கினான். அவ்வூர் 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் 3 பங்கு கோயிலின் பூசைக்கும் பழுதுபார்த்தலுக்கும் உரியது. 1 பங்கு கூரத்து மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைப்பதற்கு. மேலும் 1 பங்கு அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. எஞ்சிய 20 பங்கும் நான்கு வேதங்களையும் கற்ற 20 பேருக்கு அளிக்கப்பட்டன. நிலத்தோடு அதைச் சார்ந்த உரிமைகளும் சென்றன. செக்கு, தறி, தரகு ஆகியவற்றின் வருவாயையும் செப்பேடு குறிப்பிடுகிறது. காஞ்சிப் பக்கத்தில் தறியின் ஓசை எத்துணைப் பழமையானது என்பதற்கும் அதுவே சான்றாகிறது.

இவை யாவும் ஏழு செப்பேடுகளில் பொறிக்கப்பட்டன. மன்னர் புகழை வடமொழி பாடுகிறது. நிலம், நீர், வரி ஆகியவற்றைத் தமிழ் எடுத்துரைக்கிறது. ஊரார் நாளும் அறிய வேண்டியவற்றை ஊரார் மொழியில் எழுதினர் போலும். அறிஞர் ஊல்ழ்சு இச்செப்பேட்டைப் படித்து, 1890ஆம் ஆண்டில் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். அதன்பின் கூரத்தின் பெயர் உலகெங்கும் உள்ள வரலாற்று மாணவர்களுக்குத் தெரியலாயிற்று.

பரமேசுவரவர்மனுக்குப் பின் அவன் மகன் இராசசிம்மன் ஆட்சிக்கு வந்தான். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் அவனே. பகைவரின் நகரை அழித்த உக்கிரதண்டன் என அக்கோயிற் கல்வெட்டு தந்தையைப் போற்றுகிறது. காஞ்சிக் கடிகையையும் இராசசிம்மன் மீண்டும் நிலைபெறச் செய்தான். தந்தை மீட்டுத் தந்த நாட்டில் மகன் கலை வளர்த்தான் எனலாம்.

செப்பேட்டில் இல்லாதவர்கள்

இம்மன்னனை நாம் இகழவில்லை. தோல்வியில் துவளாத அவன் நெஞ்சுரமும், நீரைத் தேக்கிய அவன் அறிவும் போற்றத்தக்கவை. ஆனால் செப்பேட்டை நம் கண்கொண்டும் ஒருமுறை படித்தல் வேண்டும்.

பங்கு பெற்ற 20 பேருக்கு மன்னன் நிலத்தை மட்டும் கொடுத்தானில்லை. நிலமும், அதற்குரிய நீரும், கற்ற கல்வியை விடாது தொடர்வதற்கான ஓய்வும், இவை யாவும் தமக்கே உரியவை என்று காட்டும் எழுத்தும் ஒரே கொடையாக அவர்களுக்குக் கிடைத்தன. நிலமிருந்தமையால் அவர்தம் மக்கள் கற்றனர். கற்றமையால் நிலத்தைக் காத்தனர். ஒன்று மற்றொன்றைத் தாங்கி நின்றது. பிற்காலத்தில் இதே கூரத்தில் இராமானுசரின் தலைமாணாக்கரான கூரத்தாழ்வான் தோன்றினார் எனில், இவ்வூரில் கல்வி எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும்.

ஏரியைத் தோண்டியவர் யார்? பாலாற்றிலிருந்து கால் வெட்டியவர் யார்? கரைக்கு மண் சுமந்தவர் யார்? கற்பலகைகளை இழுத்து வந்தவர் யார்? ஏரிக்குப் பெயர் உண்டு, கால்வாய்க்குப் பெயர் உண்டு, தோண்டியவருக்குப் பெயரில்லை. அந்தப் பெயரற்றோரின் வழிவந்த உழைப்பே இன்றுவரை இம்மண்ணை விளைவித்து வருகிறது.

பழந்தமிழ் நூலாகிய புறநானூறு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையும் சிறப்புடைய குடிகளாகவே எண்ணியது. ஆனால் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயிற் கல்வெட்டுக்களில், பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் ஊருக்குப் புறம்பானவையாக எழுத்திலேயே பதிந்துவிட்டன. குடியாக இருந்தவன் சேரியானான். நிலமும் எழுத்தும் ஒரு பக்கம் சேரச் சேர, மறுபக்கம் உழைப்பு மட்டுமே மிஞ்சியது.

பங்கு கேட்டவர்கள்

நூற்றாண்டுகள் சென்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் செங்கற்பட்டு மாவட்டம் மிராசு முறைக்குப் பேர்பெற்றதாயிற்று. ஊரின் நிலத்தில் பங்குரிமை உடையோர் மிராசுதாரர். நம் முன்னோரோ அவர்களிடம் படியாட்களாக உழைத்தனர். தாம் குடியிருந்த மனையும் தமக்குச் சொந்தமில்லை. தரிசு நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தாலும் முன்னுரிமை மிராசுதாரருக்கே. இந்நிலையை அம்மாவட்டத்தில் பணியாற்றிய திரமென்கீர் என்னும் ஆங்கில அதிகாரி நேரிற் கண்டு, 1891ஆம் ஆண்டில் விரிவான அறிக்கையாக அரசுக்கு எழுதினார். மனையும் நிலமும் கல்வியும் இம்மக்களுக்கு வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம். அதன் பயனாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையே, தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழி செய்தது. அந்நிலமே பஞ்சமி நிலம் எனப்படுகிறது. அதனைப் பிற வகுப்பாருக்கு விற்றல் கூடாது என்பது அதன் நிபந்தனை.

அடுத்தது நீர். ஏரியும் குளமும் தோண்டியவரின் மக்கள், அவற்றில் ஒரு கை நீர் அள்ளவும் தடுக்கப்பட்டனர். இதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என ஏற்கச் செய்தார். மூன்றாண்டு கழித்து, 1927ஆம் ஆண்டில், அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களுடன் இறங்கி நீர் அருந்தினார். பரமேசுவரவர்மனின் ஏரிக்கும் மகாடு குளத்துக்கும் இடைப்பட்ட காலம் பன்னிரண்டு நூற்றாண்டுக்கும் மேல்.

ஆணை பிறந்ததனால் மட்டும் நிலம் கைக்கு வந்துவிடவில்லை. வந்ததும் கையில் நிற்கவில்லை. கடனுக்கும் மிரட்டலுக்கும் கைந்நாட்டுக்கும் பஞ்சமி நிலம் பலப்பல ஊர்களில் பறிபோயிற்று. 1994ஆம் ஆண்டில் செங்கற்பட்டை அடுத்த காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி மக்கள் போராடினர். அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். பெருவளநல்லூரில் மாண்டவர் பெயரை எவரும் எழுதவில்லை. இவ்விருவர் பெயரை நாம் எழுதி வைக்கிறோம். நம் பிள்ளைகளும் எழுதி வைப்பார்களாக.

இளைஞர்க்கு ஒரு சொல்

கூரத்துச் செப்பேட்டை அதன் பொன்னான புகழுரைகளையெல்லாம் நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது ஒரு நிலப் பத்திரமே ஆகும். எல்லை, நீர், பங்கு, வரி, உரியவர் யார் என்னும் இவற்றையே அது கூறுகிறது. இன்று அவ்வேலையைச் செய்வன பட்டா, சிட்டா, அடங்கல், அ பதிவேடு ஆகியவை. இவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருத்தல் வேண்டும். தம் ஊரில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், எந்தப் புல எண்ணில் உள்ளது, இன்று யார் அனுபவத்தில் உள்ளது என்பதைப் பட்டதாரி இளைஞர் ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டும். தாத்தா வைத்த கைந்நாட்டால் போனது எது என்பதைப் பேரன் வாசித்தறிய வேண்டும். அண்ணல் அம்பேத்கரின் படத்திற்கு மாலை சூட்டுவதினும் இது பெரிய வணக்கமாகும்.

கல்வியால் பணிவு பெற்றவன் எனப் பெயர் கொண்ட மன்னன், கல்வியையும் நிலத்தையும் ஒரு சேரக் கொடுத்தால் ஒரு கூட்டம் எத்தனை தலைமுறை தழைக்கும் என்பதைச் செய்து காட்டிச் சென்றான். அந்த 25 பங்கில் நமக்கு ஒரு பங்கும் இல்லை. ஆனால் அரசியல் சட்டம் தந்த உரிமையும், நம் சங்கம் இந்த 25 ஆண்டுகளாக ஏற்றி வைத்த கல்வி விளக்கும் இன்று நம்மிடம் உள்ளன. பள்ளியில் பயிலும் பிள்ளை இடையில் நில்லாதிருக்கவும், படித்த பிள்ளை ஊரை மறவாதிருக்கவும், உழுத நிலம் உழுதவன் பெயரில் எழுதப்படவும் நாம் தொடர்ந்து உழைப்போமாக.

கூரத்து ஏரிக்கரையில் நடக்கும்போது, இதன் மண்ணைச் சுமந்தவர் நம்மவர் என்னும் நினைவு ஒவ்வோர் இளைஞர் நெஞ்சிலும் எழட்டும். அந்த நினைவோடு ஏட்டைக் கையில் எடுக்கட்டும்.